மஞ்சள் அட்டையும் புதன்கிழமை மூன்று மணியும்

தும்... தும்... தும்தும்... தும்.

பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வரவர, அடுக்களை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மங்களேஸ்வரி அதைக் கேட்டபடியே இரண்டு சேலைகளையும் ஒரு துண்டையும் பைக்குள் திணித்தாள். சோப்பு டப்பாவைக் கையில் எடுத்தவள் சற்று நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் உள்ளே போட்டாள்.

நாலரை மணிக்குக் கடையம் பஸ். கடையத்தில் அண்ணன் குத்தாலிங்கம் வீடு இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பெண் இந்தப் படியேறட்டும். தன் புருஷனுக்கும் அவளுக்கும் என்ன உறவென்று அவள் வாயாலேயே வரட்டும். வந்துவிட்டால், இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை இந்த மேலகரத்து வீட்டிலேயே விட்டுவிட்டு அந்த பஸ்ஸில் ஏறிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பையை வாசல் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

பின்னறையில் வாசித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தளவாய்க்கு எதுவும் தெரியாது. தெரியாதவர் மாதிரி இருந்தார் என்பதுதான் மங்களேஸ்வரியின் கணக்கு.

தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக நிற்பவள் அவள். ஒரே மாதிரி இரண்டு சேலை எடுத்து, இரண்டையும் தனித்தனிப் பையில் போடச் சொல்லும் ஆண்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறாள்! அவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும், இவன் வீட்டுக்கு ஒரு பை, வேறெங்கோ ஒரு பை என்று பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கிசுகிசுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டு முகத்தைப் படிக்க ஆறு மாசம் பிடித்தது.

முதலில் அவர் பதில் சொல்வதை நிறுத்தினார். எது கேட்டாலும் ஒரு 'ம்'. "கேஸ் தீர்ந்துட்டு" என்றாலும் 'ம்', "நம்ம புள்ள யோகலட்சுமி காலேஜ்ல இருந்து போன் போட்டா" என்றாலும் 'ம்'. ஒருநாள் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நின்று, "நான் ஒருத்தன் கூட ஓடிப் போகப் போறேன்" என்றாள்.

"ம். சீனி கம்மியா போடு" என்றார் தளவாய்.

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது.

அடுத்ததாக அந்தப் பார்வை. எதிரில் உட்கார்ந்து பேசினால் அவள் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. குற்றம் செய்த மனுஷன்தான் பெண்டாட்டி முகத்தில் என்ன தெரிந்திருக்கிறது என்று அப்படித் தேடுவான். பிறகு போன். யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. எல்லாம் மெசேஜ்தான். இதைப் பக்கத்து வீட்டு உமாதேவியிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"யக்கா, ஆம்பளை போன்ல சத்தம் போட்டுப் பேசுத வரைக்கும் பயமில்ல. மெசேஜுக்கு மாறிட்டான்னா முடிஞ்சுபோச்சு. எங்க மைனி வீட்டுல இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"சும்மா இரிட்டி. வயிறு கலங்குது."

"நான் சொல்லலைன்னா கலங்காம இருக்குமாக்கும்?"

போன வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் போன் வெளிச்சம் போட்டது. மங்களேஸ்வரி எடுத்துப் பார்த்தாள். பர்சானா என்று பெயர்.

'வீட்ல சொல்லிட்டீங்களா சார்?'

மேலே அவர் அனுப்பியது இருந்தது. 'இல்ல. பயமா இருக்கு.' அதற்கும் மேலே, வாராவாரம் அந்தப் பெண் அனுப்பியது, 'புதன் 3 மணி. மறந்துராதீங்க.' மங்களேஸ்வரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து விழுந்தது. 'எவ்வளவு நாள் மறைப்பீங்க? ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்குக் கொண்டு வந்து தாரேன். அன்னைக்குச் சொல்லிருங்க.'

எதைக் கொண்டுவருவாள்? மோதிரமா? வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படமா? இரண்டு இரவு மங்களேஸ்வரி தூங்கவில்லை. அவர் வேலை செய்யும் செங்கோட்டை ரோட்டு மர அறுவை மில்லுக்குப் போன் போட்டு விசாரித்தாள். "புதன்கிழமை ரெண்டரைக்கே கெளம்பிருவாருல்லா, ஒங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றது அங்கிருந்து ஒரு குரல்.

தும்... தும்தும்... தும்.

இந்தச் சத்தம் அவளுக்கு எப்போதும் பிடித்ததில்லை. சின்ன வயசிலேயே தளவாய்க்கு இந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. பத்தொன்பது வயதில், ஒரு இன்னிசைக் குழுவில் எடுபிடியாகச் சேர்ந்தாராம். பாட வேண்டும் என்று ஆசை. குரல் இல்லை. கீபோர்டுக்கும் தபலாவுக்கும் ஆள் வரிசையில் நின்றது. நாலே நாலு தடித்த கம்பி போட்ட பேஸ் கிட்டாரை மட்டும் சீந்த ஆளில்லை. அதை எடுத்தவர் முப்பத்திரண்டு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. வாரம் ஆறு நாள் மில்லில் மரம் அறுப்பு. கோயில் கொடை விழாக் காலமென்றால் ஊர் ஊராகக் கச்சேரி. குற்றாலம் சீசனில் சாரல் விழா மேடை. மேடையில் அவர் நிற்கிற இடம் எப்போதும் டிரம்ஸுக்குப் பின்னால், விளக்கு விழாத மூலை. போட்டோவில் கிட்டாரின் கழுத்து தெரியும், இவர் கழுத்து தெரியாது.

அவர்கள் கல்யாண வரவேற்பில் நடந்த கூத்து இன்றைக்கும் ஊரில் பேச்சு. பேஸ் வாசிக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே எழுந்து போய் மூன்று பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தார். மணமகள் பக்கத்து நாற்காலி காலி. "மாப்பிள்ளை எங்க? மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டுக் கேட்டு அண்ணன் குத்தாலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "போனவன் சத்தம்தான் கேக்கே, அங்கனதான் இருப்பான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பின்னறையில் ஒரு மர அலமாரி. அதில் பதினோரு கேசட்டுகள். அவர் உயிர் அவற்றில்தான் இருந்தது. பாட்டுக்காக அல்ல, பாட்டுக்கு அடியில் ஓடுகிற பேஸுக்காகச் சேர்த்தவை. எந்தக் கேசட்டுக்கும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார். மஞ்சள் அட்டை என்பது ஒரு அம்மன் பாட்டுக் கேசட். பச்சை அட்டை என்பது தப்ஸ் அடித்துப் பாடும் இஸ்லாமியப் பாட்டு. கிழிஞ்ச அட்டை என்பது நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில் பாட்டு. துபாய் கேசட் என்பது, கூடப் படித்த துல்கர்னைன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதில் பாட்டே கிடையாது. கிட்டார்க்காரன் ஒருவன் மாடிப்படி இறங்குகிற மாதிரி வாசித்துக்கொண்டே போவான். இந்தப் பெயர்கள் எல்லாம் இந்த வீட்டுக்குள் மட்டும் புழங்குபவை. தூசி தட்டும்போது இடம் மாற்றி வைத்துவிட்டால், "ஏட்டி, மஞ்சள் அட்டைய எங்க?" என்று ஊர் கேட்கக் கத்துவார்.

அலமாரிக் கதவின் உட்பக்கம் அந்தப் பதினோரு பெயரும் பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. பிடித்தது முதலில். இந்த ஆறு மாசத்தில் அவற்றில் ஏழு பெயரை அவர் அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "இப்பப் பிடிக்கல" என்றார்.

முப்பது வருஷம் பிடித்த பாட்டு ஒரு மனுஷனுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? பாட்டே போகுமென்றால் பெண்டாட்டி எம்மாத்திரம்? அந்த அடித்த கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த கோடு தன் மேல்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

காலிங் பெல் அடித்தது.

மங்களேஸ்வரி அசையவில்லை. அவர் எழுந்து வருகிறாரா என்று பார்த்தாள். பெல் இரண்டாம் தடவை நீளமாக அடித்தது. பின்னறையில் தும் தும் நிற்கவில்லை. என்ன நடிப்பு! வரச் சொன்னதே இவர். வந்ததும் கேட்காத மாதிரி இருக்கிறார்.

கதவைத் திறந்தாள். சாரலில் நனைந்த குடையும் கறுப்புப் பர்தாவுமாக ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. அதை மார்போடு அணைத்திருந்தாள்.

"தளவாய் சார் வீடுதான? நீங்கதான அக்கா?"

குரல் தடித்த குரல். ஆண்பிள்ளைக் குரலில் பாதி. தன்னுடைய கீச்சுக் குரலை அந்த நிமிஷம் மங்களேஸ்வரி வெறுத்தாள்.

"ஆமா. வா. அவரு இருக்காரு. புதன்கிழமை மூணு மணிக்குன்னாத்தான் எங்க இருப்பாருன்னு தெரியாது."

பர்சானாவின் முகம் சட்டென்று மாறியது. உட்கார்ந்தவள் நாற்காலி நுனியிலேயே இருந்தாள்.

"சார் உங்ககிட்டச் சொல்லலையாக்கா?"

"எதை?"

"...சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"அவரு சொல்லல. நீ சொல்லு. எப்படிப் பழக்கம்?"

"எங்க சென்டருக்கு வருவாங்க."

"என்ன சென்டரு?"

பர்சானா தலையைக் குனிந்துகொண்டாள். "சார் வாயால வரட்டும்க்கா. நான் சொல்லக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கேன்."

வாக்கு! கதவுக்குப் பின்னால் இருந்த பையை மங்களேஸ்வரி பார்த்தாள். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. வாயில் வந்த வார்த்தையை விழுங்கி, வேறு பக்கமாக வலை வீசினாள்.

"உள்ள என்னமோ தட்டிக்கிட்டு இருக்காரு. எனக்கு ஒரு எழவும் புரியாது. உனக்குப் புரியுதா?"

பர்சானா காதைச் சாய்த்துக் கேட்டாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "மஞ்சள் அட்டைதான்க்கா. பி சைடு, மூணாவது பாட்டு."

மங்களேஸ்வரிக்குக் கண் இருட்டியது.

"இப்ப நிப்பாட்டுவாங்க பாருங்க" என்றாள் அவள், விரலைத் தூக்கி. "பல்லவி திரும்பி வருதப்ப எல்லாரும் வாசிப்பாங்க, பேஸ் மட்டும் சும்மா இருக்கும். வாசிக்காம இருந்தான் பாரு, அதுதான் வாசிப்புன்னு சார் சொல்லுவாங்க."

சத்தம் நின்றது. டம்ளர்களும் அடங்கின. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் வீடு வெறுமையாகக் கிடந்தது. பிறகு, தும்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் அரிசி களைந்திருக்கிறாள், பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறாள். அதில் இப்படி ஒரு நிறுத்தம் இருப்பது அவளுக்குத் தெரியாது. எவளோ ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

"வேற என்னெல்லாம் தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது துபாய் கேசட். அப்புறம் பச்சை அட்டை, கிழிஞ்ச அட்டை. பதினொண்ணு இருந்துச்சு, இப்ப நாலுதான் நிக்குது." பர்சானாவின் குரல் இறங்கியது. "பாவம்க்கா சாரு."

அந்தப் பாவம்தான் தாங்க முடியாமல் போய்விட்டது. மங்களேஸ்வரி எழுந்து விறுவிறுவென்று நடந்து பின்னறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

தளவாய் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெறுங்கால் இரண்டும் ஸ்பீக்கர் பெட்டியின் மேல். மோவாயைக் கிட்டார் மரத்தின் மேல் அழுத்தி வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் வாசிக்கிறார். யாரையோ நினைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஏங்க."

தும்... தும்.

"ஏங்க! இந்தா பாருங்க!"

தும்தும்... தும்.

"செவிட்டுப் பொணமே! ஒம்ம ஆசை நாயகி வந்திருக்கா, வாசல்ல!"

இந்தக் கத்தலுக்கு உமாதேவி வீட்டு ஜன்னல் திறந்தது. தளவாய் மட்டும் திரும்பவில்லை. அவர் விரல்கள் பாட்டுக்கு ஒரு சொட்டுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தன.

பர்சானா அவளைத் தாண்டி உள்ளே வந்தாள். 'ஆசை நாயகி' என்பது அவள் காதில் விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் காலைத் தூக்கித் தரையில் இரண்டு தடவை ஓங்கி மிதித்தாள். தொம். தொம்.

தளவாய் திரும்பினார்.

பர்சானாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் பார்வை அவள் கண்ணுக்குப் போகவில்லை. நேராக அவள் உதட்டுக்குப் போய் நின்றது.

பர்சானா அவருக்கு நேர் எதிரில் போய், தன் தடித்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தாள். "சார். அக்கா. தப்பா. நெனச்சிட்டாங்க. சொல்லிருங்க."

மங்களேஸ்வரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குமுறினாள். "என்னத்தச் சொல்லப் போறாரு? எல்லாந்தான் தெரிஞ்சுபோச்சே. உங்களுக்கு நான் என்ன கொறை வச்சேன்? என்ன கொறை வச்சேன்?"

தளவாய் தவித்தார். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் முந்தானையை மெதுவாகப் பிடித்து இறக்கினார்.

"வாயில இருந்து சேலைய எடு மங்களா. எனக்குக் கேக்கல."

மங்களேஸ்வரியின் கை முந்தானையை விட்டது.

"எனக்குக் கேக்க மாட்டேங்கு" என்றார் மறுபடியும். "மில்லுல ரம்பம் கத்திக் கத்திக் காது போயிட்டு. மேல்சத்தம் எல்லாம் போச்சு. புல்லாங்குழல் போச்சு, பொம்பளக் குரல் போச்சு. அடில இருக்கது மட்டும் கேக்கு. அந்த ஏழு கேசட்டும் போட்டா வெறும் இரைச்சல்தான். இந்த நாலுலதான் பேஸே முழுப் பாட்டையும் சொல்லுது. அதான் இந்த நாலு."

மங்களேஸ்வரி அலமாரிக் கதவைப் பார்த்தாள். ஏழு கோடுகள்.

பர்சானா பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்தாள். புளியங்கொட்டை அளவில், தோல் நிறத்தில் இரண்டு காது மிஷின்கள். "சென்டர்ல வார்த்தை சொல்லித்தான்க்கா டெஸ்ட் பண்ணுவோம். சார் அந்தக் கேசட்டைத்தான் போடணும்னு கொண்டு வந்துட்டாங்க. அப்படித்தான் எனக்குத் தெரியும். வீட்டுல சொல்லுங்க, கூட ஒருத்தர் வேணும்னு நாலு வாரமா சொல்லுதேன்."

மங்களேஸ்வரிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம். நெஞ்சு நிறையக் கோபம்.

"குரூப்புல சொன்னா மேடையில ஏத்த மாட்டான்னு மறைச்சீங்க. சரி. இந்தப் புள்ளைட்டச் சொன்ன வாய்க்கு என்கிட்டச் சொல்ல வலிச்சுதா?"

அவர் அவள் உதட்டைப் படித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

"நீ தெனமும் ஏ செவிடா, ஏ செவிடான்னு ஏசுவல்லா? அப்ப எனக்குக் காது இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டுப் போவேன். நெசமாவே செவிடானப்புறம்..." கீழே கிடந்த கிட்டாரைப் பார்த்தார். "எப்படிட்டி வந்து சொல்ல? நீ சொன்னது சரிதான்னா?"

மங்களேஸ்வரி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். சற்று முன்புகூட அதே வார்த்தையைத்தான் அவர் முதுகில் எறிந்திருந்தாள். அது அவரைத் தொடவே இல்லை. இப்போது அது திரும்பி அவள் நெஞ்சில்தான் குத்தியது. போன வாரம் பழைய குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நின்றபோது அவர் குழந்தை மாதிரி சிரித்ததும், கையைக் கையை ஆட்டி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேசியதும் நினைவுக்கு வந்தன. எவளை நினைத்து இந்தச் சந்தோஷம் என்று அன்று அவள் பொருமினாள். அந்த இரைச்சலில் நின்ற யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. அவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

பர்சானா மிஷின்களைப் பொருத்தி, செல்போனில் எதையோ தள்ளித் தள்ளிச் சரிசெய்தாள். தளவாய் திடுக்கிட்டு மேலே பார்த்தார்.

"ஏ, என்னது அது? சர்ருன்னு?"

"சாரல் சார். தகரத்துல விழுது."

"இவ்வளவு சத்தமாவா?" அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "நீ ஏதாவது சொல்லேன்."

மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். ஆறு மாசமாக அவர் கேட்காத குரல். முதலில் எதைச் சொல்வது? "டீ குடிக்கீங்களா?" என்றாள் கடைசியில், யாருக்கும் கேட்காத மாதிரி.

"சீனி கம்மியா போடு" என்றார் தளவாய்.

அவளுக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே கேட்டதா? உதட்டைப் பார்த்துச் சொன்னாரா? பார்த்துக்கொண்டுதான் இருந்தார், சந்தேகமில்லை.

டீ குடித்துவிட்டு பர்சானா கிளம்பினாள். "புதன்கிழமை வாங்க சார். அக்காவும் வரணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். குடையை எடுக்கக் குனிந்தபோது கதவுக்குப் பின்னால் இருந்த பையைப் பார்த்துவிட்டாள்.

"ஊருக்காக்கா?"

"இல்ல. பழைய துணி." மங்களேஸ்வரி காலால் பையை உள்ளே தள்ளினாள். "அங்கன நான் கத்துனது... மனசுல வச்சுக்காத தாயி."

"நானா இருந்தா அதவிட மோசமாக் கேட்டிருப்பேன்" என்றாள் பர்சானா. சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குடையை விரித்துச் சாரலுக்குள் இறங்கி, வளைவில் மறைந்தாள். அதே வளைவில் நாலரை மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. நின்று, யாரும் ஏறாததால், புறப்பட்டுப் போனது.

அவர் பின்னறையில் இருந்தார். இங்கிருந்து அவருக்கு அவள் முகம் தெரியாது, உதடும் தெரியாது. மங்களேஸ்வரி இன்னும் ஒரே ஒரு தடவை சோதித்துவிட நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி, மெல்ல மெல்ல வாசல் கதவைச் சாத்தினாள். கீல் ஒரு நூல் அளவுக்கு முனகியது.

"தாழ்ப்பாளையும் போட்டுரு" என்றது உள்ளிருந்து அவர் குரல். "சாரல் உள்ள அடிக்கும்."